44 வயது, டயாலிசிஸ், மூன்று அலைச்சல்: தம்பிக்கு முதல் தடுப்பூசி போட்ட அனுபவம்

என் தம்பி பிறந்தது 1976 நவம்பரில். 2021 மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது அவனுக்கு 44 முடிந்து நாலு மாதம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அறுபது தாண்டியவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதுக்காரர்களுக்கும் என்று டிவியில் ஓடியதைப் பார்த்துவிட்டு, "நமக்கு இல்லக்கா, இன்னும் எட்டு மாசம் கெடக்கு" என்றான். முதல் அலையில் அவன் கூடவே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இரண்டு பேரைப் பறிகொடுத்திருந்தோம். எட்டு மாதம் எனக்கு எட்டு வருடம் மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி மத்திய சுகாதாரத் துறை அறிவிப்பை வரிவரியாகப் படித்தேன். வயது இன்றைய கணக்கு இல்லை. 2022 ஜனவரி 1 அன்று 45 நிறைந்திருந்தால் போதும். தம்பிக்கு நிறைந்திருக்கும். இணைநோய்ப் பட்டியலில் இருந்த இருபதில், டயாலிசிஸில் இருக்கும் சிறுநீரக நோயும் ஒன்று. ஆக அவன் தகுதியானவன். இந்த ஒரு வரிக்காகத்தான் பிறகு அத்தனை அலைந்தோம்.

அந்தப் பட்டியலை நன்றாகப் படிக்காமல் கிளம்பி ஏமாந்தவர்களை வரிசையில் நிறையப் பார்த்தேன். அன்றைய விதிப்படி 'சுகர் இருக்கு' என்றால் மட்டும் போதாது. சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும். கூடவே பிரஷருக்கும் மருந்து சாப்பிட வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கும் சர்க்கரையோ பிரஷரோ சேர்ந்திருந்தால்தான் கணக்கு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அண்ணாச்சி ஆறு வருடச் சர்க்கரைக்காரர். மாத்திரைச் சீட்டோடு வந்து, இரண்டு மணி நேரம் நின்று, திரும்பிப் போனார்.

மார்ச் 4, வியாழன். அப்போது 250 ரூபாய்க்கு ஊசி போட்ட ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நான் கொண்டுபோனது மூன்று வருட டயாலிசிஸ் ஃபைல், அவ்வளவு கனம். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திறக்கவே இல்லை. "சர்டிபிகேட் இருக்கா மேடம்?" இணைநோய்ச் சான்று அரசு கொடுத்த படிவத்தில்தான் இருக்க வேண்டுமாம். தம்பி சட்டைக் கையை மடக்கி, முறுக்கிய கயிறு மாதிரி புடைத்திருந்த ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாயைக் காட்டினான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையைக் காட்டி நிரூபிக்க வேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்தார்களே என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

படிவம் ஒரே பக்கம்தான். டாக்டர் எந்த நோய் என்று குறித்து, தன் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போயிருந்தால் நேரம்தான் வீணாகியிருக்கும். டாக்டரிடம் படிவம் இருக்கும் என்று நம்பாமல், பிரிண்ட் எடுத்து நாமே கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் கிட்னி டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் டயாலிசிஸ் யூனிட்டுக்கு வருவார். மறுநாளே வெள்ளி என்பதால் ஒரு வாரம் தப்பியது. அவர்தான் இரண்டு விஷயம் சொன்னார். டயாலிசிஸ் நாளில் ஊசி வேண்டாம், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்போம். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் போடவே கூடாது.

தடுப்பூசிக்கு நேரம் வாங்கும் அரசின் கோவின் இணையதளத்தில் பதிவு செய்தது சுலபமாக முடிந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேரமும் கிடைத்தது.

மார்ச் 9. அதே மருத்துவமனை. இந்த முறை வாசலிலேயே ஒருவர் ஆதாரை வாங்கி விரல்விட்டு எண்ணினார். "நாப்பத்தி நாலுதான் ஆவுது. அடுத்தவங்க வாங்க." ஜனவரி 1 கணக்கைச் சொன்னேன். போனில் அறிவிப்பைக் காட்டினேன். "போன்ல ஆயிரம் வரும்மா" என்றார். தகுதி இல்லையென்றால் கோவின் எப்படி நேரம் கொடுத்தது என்று கேட்டேன், பதில் இல்லை. உள்ளே போய்ப் பெரியவர்கள் யாரையாவது பார்க்கிறேன் என்றதற்கும் விடவில்லை. வெயிலில் நின்றிருந்த தம்பியால் மற்றவர்கள் மாதிரி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. அவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு. உதடு காய்ந்து, "வாக்கா, போவோம். எனக்கு வேண்டாம்" என்றான். ஆட்டோவில் வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அந்த அறிவிப்பை அச்செடுத்தேன். இரண்டு பிரதி. 2022 ஜனவரி 1 வருகிற வரியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். போனில் காட்டினால் யாரும் படிப்பதில்லை, காகிதத்தில் நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்கிறது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

மார்ச் 13, சனிக்கிழமை, அரசு மருத்துவமனை. அங்கேயும் பதிவு செய்கிறவர் முதலில் தயங்கத்தான் செய்தார். நான் காகிதத்தை நீட்டினேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் வாங்கி, நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தார். உள்ளே போய் டாக்டரிடம் காட்டிவிட்டு ஐந்தே நிமிடத்தில் வந்தார். "சரியாத்தான் இருக்கு, உக்காருங்க." ஊசியை எடுக்கும்முன் நான் வாயைத் திறப்பதற்குள், "எந்தக் கையில ஃபிஸ்டுலா?" என்று அவரே கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைசா செலவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள்.

இரண்டாவது ஊசி ஏப்ரல் 24-ல் முடிந்தது. முதல் ஊசி போட்டபோது கோவிஷீல்டுக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம் என்றார்கள், மார்ச் 22-ல் அதை 8 வாரம் வரை நீட்டினார்கள், மே 13-ல் 12 முதல் 16 வாரம் ஆக்கினார்கள். தள்ளிப் போடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்காமல் ஆறாவது வாரமே போனது நல்லதாயிற்று.

ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சான்று இல்லாமலே போட்டார்கள். அப்போதுதான் '1977 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்கள்' என்று பிறந்த தேதியாகவே சொன்னார்கள். மார்ச்சிலும் அப்படியே சொல்லியிருந்தால் வாசலில் நின்றவர் விரல்விட்டு எண்ணியிருக்க மாட்டார்.

தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், 29 வயது. அதே நோய், அதே மூன்று நாள், அதே மெஷின் அறை. அவனுக்காகவும் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எந்த வரியும் அவனுக்கு இல்லை. நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் 45-க்குக் கீழே இடமில்லை. 18 வயதிலிருந்து எல்லோருக்கும் மே 1 முதல் என்று அறிவித்தும், தமிழ்நாட்டில் அவன் வயதுக்காரர்களுக்குத் தொடங்கியது மே 20-ல்தான். இரண்டாம் அலையின் அந்த வாரங்கள் முழுக்க, ஊசி இல்லாமல், இரட்டை மாஸ்க்கோடு அவன் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான். ஜூன் முதல் வாரம் அவன் அம்மா எனக்குப் போன் செய்து சொன்னது ஒரே வார்த்தை: "போட்டாச்சும்மா."