நாள் கணக்கு வைக்கும் விளையாட்டுகள்

மார்கழி 3, பள்ளத்தூர்

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும், இரண்டாம் கட்டு அறையிலிருந்த பழைய கணினியைத் தூசி தட்டி இயக்கினேன். 1999இல் வெளிவந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற போர் விளையாட்டு அதில் இன்னும் ஓடுகிறது. பலரும் அதன் டிராகன்களையும் மந்திரங்களையும் புகழ்வார்கள். எனக்கு அதன் வாரக்கணக்குதான் பெரிது. நகரங்களில் புதிய படைவீரர்கள் வாரத்தின் முதல் நாளில்தான் சேருகிறார்கள். ஆகவே ஏழாம் நாள் முடிவதற்குள் அவர்களுக்குரிய இருப்பிடத்தைக் கட்டிவிடாதவருக்கு அந்த வாரத்து வரவு போனது போனதுதான். நகரத்தின் பொன் வருவாயைப் பெருக்கும் கேப்பிட்டல் என்ற கட்டடத்தைக் கட்ட 10,000 பொன் வேண்டும். கட்டியபின் நாளொன்றுக்கு 2,000 வந்த இடத்தில் 4,000 வரும். போட்ட முதல் ஐந்தே நாளில் திரும்பிவிடுகிறது. எங்கள் ஐயா இதைப் பார்த்திருந்தால் யோசிக்காமல் கட்டச் சொல்லியிருப்பார். ஆனால் சிறிய வரைபடத்தில் அந்த ஐந்து நாளுக்குள் எதிரி கோட்டை வாசலுக்கே வந்துவிடக்கூடும். அப்போது கைமுதலைக் கட்டடத்தில் முடக்கிவிட்டுப் படைக்குப் பொன்னில்லாமல் நிற்க நேரிடும். நேற்றிரவு எனக்கு அதுதான் நடந்தது.

மார்கழி 6

இன்று ஆடியது எக்ஸ்-காம், 1994இல் வந்த விளையாட்டு. வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்கும் அமைப்புக்கு 16 நாடுகள் மாதந்தோறும் பணம் தருகின்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. மாதக் கடைசியில் நம் செயல்பாட்டை மதிப்பிட்டு ஒவ்வொரு நாடும் தொகையைக் கூட்டும் அல்லது குறைக்கும். சில நாடுகள் எதிரியோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஒரேயடியாக விலகிவிடும். எனவே களத்தில் ஒரு சிப்பாயை இழக்கும்போதுகூட மனம் மாதக் கடைசியையே நினைத்துக்கொண்டிருக்கிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பில் ஒரு வேடிக்கையான பிழை இருந்தது: சேமித்த ஆட்டத்தைத் திறந்தவுடன், நாம் தேர்ந்த கடினநிலை எதுவாயினும் தொடக்கநிலைக்கு இறங்கிவிடும். அதை அறியாமல் நான் பல ஆண்டுகள் என் திறமையை மெச்சிக்கொண்டிருந்தேன்.

மார்கழி 9

ஃபால்அவுட்டை மீண்டும் தொடங்கினேன். 1997இன் இந்தப் படைப்பு முதல் நாளே 150 நாள் தவணை தருகிறது. அதற்குள் நம் நிலத்தடிக் குடியிருப்பின் குடிநீர்க் கருவிக்கு வேண்டிய நீர்ச்சில்லைத் தேடிக் கொண்டுவர வேண்டும். ஹப் நகரத்துத் தண்ணீர் வணிகர்களுக்குப் பணம் கொடுத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். ஆனால் தண்ணீர் வண்டிகள் போய்வருவதால் குடியிருப்பின் இருப்பிடம் பகைவருக்குத் தெரியவரும் காலம் நெருங்கிவிடும். தவணையை நீட்டிக் கொடுத்து, அதற்கான வட்டியை வேறொரு ஏட்டில் எழுதிவைக்கும் இந்தச் சூழ்ச்சியை வியக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் வந்த திருத்தம் பகைவர் குடியிருப்பைக் கண்டுபிடிக்கும் அந்த இரண்டாவது கெடுவைப் பல ஆண்டுகளாகத் தளர்த்திவிட்டது. என் கருத்தில் அது வட்டித் தள்ளுபடி, ஆட்டத்துக்கு நன்மை செய்யவில்லை.

மார்கழி 11

இன்று நகரத்தார் வழக்கமான பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை தீபம் முடிந்து ஒவ்வொரு நாளாக எண்ணி, இருபத்தோரு நூலைத் திரியாக்கி, மாலையில் வீட்டு வளவில் அனைவரும் கூடி, மாவில் வைத்து ஏற்றிய அந்தத் திரியை விழுங்கி இழை எடுத்துக்கொண்டோம்.

அதற்கு முன், மதியம் முழுவதும் பால்டர்ஸ் கேட் ஆடினேன். 1998இல் வந்த அதன் உரையாடல்களும் தோழர்களும் இன்றும் இனிக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். எனினும் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் எட்டு மணி நேரம் உறங்கி, செலவழித்த மந்திரங்களை எல்லாம் திரும்பப் பெற்றுவிட முடிகிறது. இடையில் யாரேனும் தாக்கினாலொழிய அந்த உறக்கத்துக்கு விலையே இல்லை. தன் தோழியை மீட்கப் புறப்படத் தாமதித்தால் கோபம்கொள்ளும் மின்ஸ்க் போன்ற சிலர்தாம் அங்கே நாளை மதிக்கிறார்கள். வாரக்கணக்கில் தூங்கியெழுந்த என் படையை உலகம் சற்றும் மாறாமல் காத்திருந்து வரவேற்றபோது, அடுத்து எந்தக் குகைக்குள் நுழையவும் எனக்கு அவசரம் தோன்றவில்லை.

இரவு மறுபடி ஃபால்அவுட்டைத் திறந்தேன். இன்னும் 38 நாள் இருக்கிறது. தண்ணீர் வணிகரிடம் போகவில்லை.