மாட்ச்ல அதெல்லாம் சகஜம்

போன சனிக்கிழமை பையனுக்கு ஸ்கூல் மாட்ச், அண்டர் 14. தென்னாப்பிரிக்கா டர்பன்ல மார்ச் மாசம்னா காலைல எட்டு மணிக்கே சட்டை முதுகுல ஒட்டிக்கும், அந்தப் புழுக்கத்துல நானும் வீட்டுக்காரியும் சின்னவளும் பவுண்டரி ஓரமா உக்காந்திருந்தோம். இவன் கீப்பர். எதிர் டீம்ல ஒரு பொடியன், ஆளவிட பேட் பெருசு, எட்ஜ் வாங்கி பந்து தரைல குத்தி எழும்பி இவன் கிளவுஸுக்குள்ள வந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. பதினோரு பேரும் கையத் தூக்கிக் கத்துறானுங்க. அம்பயர் நம்ம பசங்களோட கோச்சேதான் (சின்னப் பசங்க மாட்ச்னா பல நேரம் அப்படித்தான்), அவர் இவன் மூஞ்சியப் பாத்தாரு, இவன் தலைய ஆட்டினான், அவுட். பொடியன் கண்ணத் துடைச்சிட்டே போறான், ஸ்லிப்ல நின்னவன் "போய் அம்மா மடில படுத்து அழு"ன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, என் பையனும்.

வீட்ல சோபா இடுக்குல பத்து ராண்ட் கிடந்தாக்கூட யாரோடதுன்னு கேட்டு குடுக்குற பையன் இவன்.

கார்ல சின்னவ கேட்டா, "அண்ணா, பந்து கீழ பட்டுச்சுல்ல?" அவன் வாயத் திறக்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "மாட்ச்ல அதெல்லாம் சகஜம்டா". ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ராத்திரி அவனா வந்து சொன்னான். "கேட்ச் இல்லன்னு சொல்லிருந்தா திங்கக்கிழமைலேர்ந்து என்ன பொண்ணுன்னு கூப்பிடுவாங்கப்பா." அப்புறம்தான் ஃபைன்ஸ் மீட்டிங் கதைய அவுத்து விட்டான். மாட்ச் முடிஞ்சதும் சேஞ்ச் ரூம்ல கூடுவாங்களாம், அடிபட்டு அழுதவனுக்கு ஃபைன், அம்மா வந்து சன்ஸ்கிரீன் பூசி விட்டவனுக்கு ஃபைன், காசு இல்ல, புஷ்அப் எடுக்கணும் இல்ல நடுவுல நின்னு பாடணும். பொய் சொன்னதுக்கு ஃபைன் உண்டாடான்னு கேட்டேன், என்ன ஒரு மாதிரி பாத்தான்.

இந்த ஃபைன்ஸ் மீட்டிங் பெரிய டீம்ல இருந்து வந்த பழக்கம்தான். 2021ல இங்க கிரிக்கெட் போர்டு நடத்தின இனவெறி விசாரணைல பழைய ஸ்பின்னர் பால் ஆடம்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கா, நாட்டுக்காக ஆடுறப்ப ஃபைன்ஸ் மீட்டிங்ல அவர் தோல் நிறத்த வச்சு ஒரு கேவலமான பாட்டு பாடுவாங்களாம், அவரும் அப்போ அத பெருசா எடுத்துக்கலையாம். அப்ப காதலியா இருந்து பின்னாடி மனைவியானவங்க "ஏன் உன்ன அப்படி கூப்பிடுறாங்க?"ன்னு கேட்டப்பதான் உறைச்சிருக்கு. அந்தப் பாட்டுல சேந்துக்கிட்டதுக்கு அதே டீம் கீப்பர் மார்க் பவுச்சர் பின்னாடி மன்னிப்பு கேட்டாரு. ரூமுக்குள்ள இருக்குற யாருக்கும் தோணல பாருங்க, வெளிய நின்ன ஒரு பொண்ணுக்குத்தான் தோணுச்சு. எங்க கார்லயும் அதேதான் நடந்துச்சு, நான்தான் வாய அடைச்சிட்டேன்.

2018 மார்ச் இன்னும் பெரிய கதை. நம்ம கிங்ஸ்மீட் படிக்கட்டுலதான் டெஸ்ட் மாட்ச் டீ பிரேக்ல ஆஸ்திரேலியா வார்னரும் நம்ம டீம் டி காக்கும் முட்டிக்கிட்டாங்க, தன் மனைவியப் பத்தி அசிங்கமா பேசினார்னு வார்னர் சொன்னாரு. ஆஸ்திரேலியாக்காரங்க எப்பவும் "நாங்க கோட்டத் தாண்டமாட்டோம்"னு சொல்லுவாங்க, கோட்டப் போட்டது யாருன்னு பாத்தா அவங்களேதான். அதே தொடர்ல கேப்டவுன் நியூலாண்ட்ஸ்ல மார்ச் 24ம் தேதி அவங்க டீம் பான்கிராஃப்ட் விதிய மீறி உப்புத்தாள வச்சு பந்தத் தேச்சு, கேமரால மாட்டினதும் பேண்ட்டுக்குள்ள சொருகினாரு. வயசு 25, எட்டாவது டெஸ்ட். கேப்டன் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஒரு வருஷம் தடை, இவருக்கு ஒன்பது மாசம். டீமோட ஒட்டிக்கணும், மதிக்கணும்னுதான் பண்ணேன்னு அப்புறம் அவரே சொன்னாரு. 25 வயசு ஆளுக்கே அப்படின்னா 13 வயசுக்கு?

அமெரிக்கால பிரெடமையர், ஷீல்ட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எண்பதுகள்லயே இதப் பத்தி எழுதிருக்காங்க, மைதானத்துக்குள்ள போறப்ப அன்றாட நியாயத்த ஒரு அடைப்புக்குறிக்குள்ள போட்டு ஒதுக்கி வச்சிடுறோம்னு. என் பையனோட பத்து ராண்ட் நேர்மை அந்த அடைப்புக்குள்ள போயிடுச்சு போல.

பக்கத்து வீட்டு அங்கிள் கிட்ட புலம்பினேன். இந்த நாட்டுல நாலாவது தலைமுறைத் தமிழர், சாட்ஸ்வர்த்காரர், எழுபதுகள்ல டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துல கால்பந்து ஆடினவர், சாகோஸ் பக்கம், அதாவது நிறம் பாக்குற விளையாட்டுல சேரமாட்டோம்னு நின்ன அமைப்பு. இனவெறி நாட்டுல சகஜமான விளையாட்டு எதுவும் இல்லன்னு அதோட தலைவரா இருந்த ஹசன் ஹோவா சொன்னாரே, அந்தக் கூட்டம். நல்ல கிரவுண்ட், நல்ல பூட்ஸ் எல்லாம் வெள்ளக்காரங்க சங்கத்துப் பக்கம் இருந்துச்சு, எங்க டீம் போகலன்னாரு. பயமா இல்லையான்னேன். "போனாத்தான் பயம் தம்பி. போனவன் ஒருத்தன் கூட நாங்க பேசல. அவன் கல்யாணத்துக்குக்கூட போகல"ன்னாரு, பெருமையா சொல்றாரா வருத்தமா சொல்றாரான்னு புடிபடல. இதுவும் டீம்தான, இதுவும் ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து பயந்து நடந்ததுதான, ஆனா நியாயத்தோட பக்கம் நின்னுச்சு. இத என் பையன் கிட்ட எப்படி எடுத்து சொல்றதுன்னு தெரியல, அந்தக் கல்யாணக் கதை வேற தொண்டைல நிக்குது.

நேத்து அவன் கிட்ட "அன்னிக்கு கார்ல நான் சொன்னது தப்புடா"ன்னு மட்டும் சொன்னேன். ம்ம்னான். கிளவுஸ பால்கனில காயப் போட்டுட்டு திரும்பி, "சனிக்கிழமை நீங்க வாங்கப்பா, அவள மட்டும் கூட்டிட்டு வராதீங்க"ன்னான்.

அவ அதுக்குள்ள தொப்பி எடுத்து வச்சிட்டா.