அகலமான கேள்விக்கு வழவழப்பான பதில்

"அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் மூண்டது?" என்று அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் மைக்கை நீட்டினால், இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பதில் வரும். ஒலிபரப்புக்குத் தேறுவது இரண்டு நிமிடம். குறை அவருடையது அல்ல. வருடா வருடம் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில் அது. கேள்வி அகலமாக இருந்தால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

அதையே வேறு விதமாகக் கேட்கலாம். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய், 1861 முதல் 1865 வரை வடக்கோடு போரிட்ட தென் மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ். 1861 மார்ச் 21 அன்று சவன்னா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அவற்றில் போர் அடிமை முறைக்காக அல்ல, மாநில உரிமைக்காக நடந்ததாகச் சொல்கிறார். "நடுவில் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். இப்போது போரின் காரணமும் வரும், தோற்றவர்கள் வரலாற்றைத் திருத்தி எழுதிய கதையும் வரும்.

இந்த மாதிரிக் கேள்வி கிடைக்க, பேராசிரியர் எழுதிய புத்தகத்தை நாம் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலில் அடிக்குறிப்புகள், பிறகு நன்றியுரை, அதற்கப்புறம்தான் முன்னுரை. எந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார், எந்த அத்தியாயம் ஒரே ஒரு கடிதத்தின் மேலோ நீதிமன்றக் கட்டின் மேலோ நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும். 45 நிமிடப் பதிவுக்கு எட்டுக் கேள்வி போதும். அதில் ஐந்தைக் கேட்டு முடித்தாலே நல்ல நாள். இன்றைய தேர்தல் பற்றிய கேள்வி கடைசியில்தான். அதை முதலில் கேட்டுவிட்டால் அவர் உஷாராகிவிடுவார். பிறகு வரும் ஒவ்வொரு வாக்கியமும் குடை பிடித்துக்கொண்டுதான் வரும்.

கேள்விகளை முன்கூட்டி அனுப்பலாமா? கூடாது என்பது என் கட்சி. அனுப்பினால் பதிலை எழுதி வைத்து வாசிப்பார்கள், வாசிக்கும் குரல் இரண்டு வாக்கியத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பேசப்போகும் ஆவணத்தின் நகலைக் கட்டாயம் அனுப்ப வேண்டும். பல வருடம் முன்பு காப்பகத்தில் பார்த்த தாளின் தேதி யாருக்கும் நினைவிருக்காது.

பேட்டி கெடுவது பெரும்பாலும் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பிழையால். அடிக்கடி வரும் உதாரணம், 1787 அரசியல் சாசனத்தின் ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு, அதாவது மாநில மக்கள்தொகையில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது. "கறுப்பரை முழு மனிதராகக்கூட எண்ணவில்லையே?" என்று ஆரம்பித்தால், அறிஞர் ஐந்து நிமிடம் நம்மைப் பதமாகத் திருத்துவதிலேயே போகும். அடிமைகளை முழுசாக எண்ண வேண்டும் என்று வாதாடியது அவர்களை வைத்திருந்த தென்பகுதிதான். தலை கூடினால் பிரதிநிதிகள் சபையில் இடம் கூடும். எண்ணவே கூடாது என்றது வடக்கு. ஐந்தில் மூன்று என்பது பேரம் படிந்த இடம். அந்த உபரி இடங்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் சேர்ந்தன. 1800 அதிபர் தேர்தலில் அந்தக் குழுவில் ஜெஃபர்சனுக்கு 73 வாக்கு, ஆடம்ஸுக்கு 65. அடிமைகளை எண்ணியதால் வந்த வாக்குகளைக் கழித்தால் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போய், "பேரம் பேசியவர்கள் இந்த விளைவை எதிர்பார்த்தார்களா?" என்று கேட்டால் அதே ஐந்து நிமிடம் பொன்னாகும்.

எண்களிலும் கவனம். உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது நெடுங்காலம் எல்லாரும் சொன்ன எண். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2011இல் வெளியான ஆய்வு அதைச் சுமார் 7,50,000 ஆக்கியது. பழைய எண்ணைச் சொன்னால் தவறில்லை. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

ஒலிப்பதிவுக்கு அதிக வித்தை தேவையில்லை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். ஏசி, குளிர்பெட்டி இரண்டையும் அணைக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் முப்பது விநாடி அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க அந்த மௌனம்தான் பசை. தொலைவிலிருந்து பேசினால் அவரவர் குரலை அவரவர் பக்கத்திலேயே பதிவு செய்து, ஆரம்பத்தில் எண்ணிச் சொல்லிவிட்டு இருவரும் ஒரு கைதட்டு. பிறகு இரண்டு தடங்களையும் அந்தத் தட்டலில் பொருத்தினால் ஓரளவு சேர்ந்துவிடும்.

பதில் முடிந்த மாதிரி தோன்றியதும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். "ஆனால் ஒன்று..." என்று அவர் மறுபடி தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

பேட்டியைத் தமிழாக்கும் மேசையில் வேறு விதக் கண்ணிகள். அமெரிக்காவின் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர். ஜார்ஜியாவில் அதே பட்டம் தேர்தலை நடத்தும் மாநில அதிகாரிக்கு. மசோதாவை 'டேபிள்' செய்தார்கள் என்றால் நம் நாடாளுமன்றத்தில் அவையில் வைத்தார்கள்; அங்கே கிடப்பில் போட்டார்கள். 'செவ்விந்தியர்' என்ற பழைய சொல்லை விட்டுவிட்டு அறிஞர் சொன்ன இனத்தின் பெயரையே, செரோக்கி, நவாஹோ என்று எழுதுவது மேல். பில்லியன் என்றால் நூறு கோடி. களைத்த இரவில் இதுவும் தவறும்.

பதிவேட்டுத் தாளை மட்டும் சோம்பலில் விடக் கூடாது. யார் கேட்டது, எந்த அறை, கூட யார் இருந்தார்கள், பேசியவர் இது எதற்கென்று நினைத்துப் பேசினார். நான்கு வரி போதும். அடிமைகளாயிருந்த முதியவர்களிடம் 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்று எடுத்த 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சார்ல்ஸ்டன் நகர மூதாட்டி சூசன் ஹாம்லினின் பேட்டி ஒன்று. கேட்டவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். எசமானர் நல்லவர் என்கிறார் பாட்டி. ஹாமில்டன் என்ற பெயரில் இன்னொரு பேட்டி, கேட்டவர் கறுப்பர். அதில் சவுக்கடியும், பிள்ளைகளைப் பிரித்து விற்றதும் வருகின்றன. இரண்டும் ஒரே பாட்டிதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முதல் பேட்டியை எடுத்தவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: தன்னை உதவித்தொகை அலுவலகத்து ஆள் என்று பாட்டி நினைத்துக்கொண்டிருந்தாராம். பாட்டி ஏன் அப்படிப் பேசினார் என்று பிற்பாடு வந்த ஆய்வாளர்களுக்குப் பிடி கிடைத்தது அந்தக் குறிப்பால்தான்.