எழுபத்திரண்டு தசம் ஆறு

இந்தப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்து யாரடா இவன் என்று யோசிக்கிற 79 ஆம் வருட உயர்தரக்காரருக்கு: நான்தான் ‘எழுபத்திரண்டு’. சரி, இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த சொட்டு மாஸ்டர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டியில் நின்றேன். இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

எனக்கு அந்தப் பட்டம் விழுந்த அன்றைக்குப் பொசுபோரிக் அமில நியமிப்பு: அளவி என்கிற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செல்கிறது என்று அளப்பது. மூன்று புரோத்தன் உள்ள அமிலம்தான், ஆனால் மூன்றையும் ஒரே மாதிரி விட்டுக்கொடுக்காது. முதலாவது முடிந்ததை நிறம் மாறிச் சொல்கிற காட்டி மெதயில் செம்மஞ்சள், இரண்டாவதுக்குப் பினோத்தலீன். மூன்றாவது லேசில் கழலாது, அதன் பிகேஏ (கூடக் கூட இறுக்கம் கூடும்) 12க்கு மேலே; தண்ணீருக்குள் அது முடிகிற இடத்தில் பிஎச் பாய்ச்சலே தெரியாது, எந்தக் காட்டியும் உதவாது. இதெல்லாம் முதல்நாளே சேர் சொன்னாராம். நான் அன்று பிக் மட்ச் பயிற்சியில் கிரவுண்டில்.

அமிலம் 25 மில்லிலீற்றர், முதல் முடிவுப்புள்ளி 24.20. மிச்சத்துக்கு ஏன் கஷ்டப்படுவான் என்று இரண்டால் பெருக்கி 48.40, மூன்றால் பெருக்கி 72.60 என்று வடிவாக எழுதிக் கொடுத்தேன்.

“தம்பி, மூன்றாவதைக் கண்டனீரோ?”

“ஓம் சேர்.”

“அளவி எத்தனை மில்லிலீற்றர்?”

“அம்பது சேர்.”

“ரெண்டாம் தரம் நிரப்பினனீரோ?”

நான் வாய் திறக்கவில்லை. “பாருங்கோ பிள்ளையள், அம்பதுக்குள்ள எழுபத்திரண்டைக் கண்ட விஞ்ஞானி!” சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும். அதோடு விடவில்லை மனுசன். 48.40 உம் பொய்யாம், பினோத்தலீன் கொஞ்சம் முந்தியே சிவந்துவிடுமாம், உண்மையாகச் செய்தவனுக்கு 48 அளவில்தான் வந்திருக்குமாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னை மறித்தார். அடிதான் என்று நினைத்தேன். குடுவைக்குள் கல்சியம் குளோரைட்டுக் கரைசலை ஊற்றச் சொன்னார். பொசுபேற்று கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிய, அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த புரோத்தனும் கழன்றுவிட்டது, சிவந்திருந்த கரைசல் நிறம் போய் நின்றது. அளவியை இரண்டாம் தரம் நிரப்பினேன். கடைசியில் அவருடைய புகழ்பெற்ற அரைச் சொட்டு, குடுவைச் சுவரில் தொட்டு, கழுவி இறக்கி, மெல்லிய சிவப்பு. “இப்ப எழுதும்” என்றார். அவ்வளவுதான்.

84 இல் சிங்கப்பூர் வந்து துவாஸ் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் 31 வருடம். அங்கே மெஷினே சொட்டுப் போட்டு வளைகோடும் கீறிவிடும், நான் கையெழுத்து வைப்பேன். பொத்தான் அமுக்குகிற பிள்ளைகளுக்கு அரைச் சொட்டைக் காட்ட ஆசைதான், யாருக்கு நேரம்?

2010 இல் ஊரில் ஒரு கலியாணத்துக்குப் போய் ஐந்து நாள் நின்றேன். சேர் வீட்டு ஒழுங்கை முகப்பு வரை போனவன், விருந்துக்கு நேரமாகுது, அடுத்த முறை பார்ப்போம் என்று திரும்பினேன். கொழும்பு இங்கிருந்து நாலு மணித்தியாலப் பறப்பு.

குழுவில் நானும் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ போட்டேன். கீழே ஒருவன், “எழுபத்திரண்டு, செத்தவீட்டுக்குப் போறியா?” என்று கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை.