ஐந்தாம் வால்வு சத்தமே போடவில்லை

கேமரன்மலையில் கோஸ் மூட்டை சுமந்துகொண்டிருந்த பழைய 109 லேண்ட்ரோவர் ஜீப் ஒன்றை வாங்கிக் கோலாலம்பூரின் செந்தூலுக்குக் கொண்டுவந்து ஏழு மாதம் ஆகிறது. சீரீஸ் 2ஏ, 2286 சிசி பெட்ரோல் இன்ஜின். காய்கறித் தோட்டக்காரர் அடித்திருந்த நீலப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் ராணுவப் பச்சை, கதவின் உள்பக்கத்தில் அழிந்துபோன எண்ணில் பாதி. அந்தப் பாதி எண்ணைப் பார்த்து மயங்கித்தான் பேரம் பேசாமல் பணத்தை நீட்டினேன் என்று வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

பிரேக் வேலை முடிந்தது, ரேடியேட்டரும் முடிந்தது. மிச்சம் இருந்தது சத்தம். பாட்டி இரும்பு உரலில் பாக்கு இடிப்பதுபோல ஒரு டக் டக். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடி வேகமாகுமே தவிர, நிற்காது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், இன்ஜின் சுற்றுகிற வேகத்தில் பாதிதான் சுற்றும். மிதிக்காமல் சும்மா ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் ஒவ்வொரு வால்வும் 300 முறை தட்டும். காதில் விழுந்ததும் அந்தப் பாதி வேகத் தட்டுதான். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ராக்கர் (வால்வைத் தள்ளித் திறக்கும் சிறு நெம்புகோல்) கவரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டதில் உறுதியானது: டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போன சத்தம்.

முதல் சனிக்கிழமை காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கவரைக் கழற்றினேன். மூன்றே நட்டுதான். யாரோ முன்பு வெறி கொண்டு முறுக்கியதில் கவர் வளைந்திருந்தது, எண்ணெய்க் கசிவுக்குக் காரணமும் அதுதான். இந்த இன்ஜினுக்கு அந்த இடைவெளி, கேப், எல்லா வால்வுக்கும் பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.25 மில்லிமீட்டர். சூடாகப் பார்த்தாலும் குளிர்ந்து பார்த்தாலும் அதே பத்துதான். வேலை முறையும் எளிது, ஒன்பது என்ற எண்ணை நினைவில் வைத்தால் போதும். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

சுற்றுவதற்கு முன்பக்க ஹேண்டில் இருக்கிறது. கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கிற பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். பழைய இன்ஜின் திருப்பி உதைத்தால் எலும்பு போய்விடும். பிளக்குகளைக் கழற்றினால் கை வலிக்காது, ஆனால் அதற்கு முன் ஒருமுறை அப்படியே சுற்றிப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் முறைவைத்துக் காற்றை அழுத்துவதால், இரண்டு சுற்றில் நான்கு முறை இன்ஜின் எதிர்க்க வேண்டும். மூன்று முறை நன்றாக எதிர்த்தது, ஒருமுறை வழுக்கிக்கொண்டு போனது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவனமெல்லாம் சத்தத்தில்.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக இழுபடும்படி வைத்து, மறுபடி நட்டை இறுக்கினால் ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் சுற்றிவிடும். கேப் எட்டாகிவிடும், இல்லை பன்னிரண்டாகிவிடும். ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்கி, திரும்ப அளந்து, திரும்பத் தளர்த்தி... எட்டு வால்வுக்கு இரண்டரை மணி நேரம். பின்னேர மழை இடியோடு கொட்டத் தொடங்கியபோது ஸ்டார்ட் செய்தேன். பாட்டி இன்னும் பாக்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு மாமா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், பட்டறை பேராக்கின் பத்து காஜா ஊருக்குப் போகிறவரை. குடையோடு வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், இன்ஜின் ஓடும்போதே கேஜ் தகட்டை ஒவ்வொரு ராக்கருக்கு அடியிலும் நுழைக்கச் சொன்னார். மூன்றிலும் ஏழிலும் நுழைத்தபோது சத்தம் அமுங்கியது. “இப்பதானே பத்து வெச்சேன் மாமா!” என்றேன். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ராக்கரைத் தூக்கி அதன் முகத்தை விரலால் தடவிக் காட்டினார். குழி. வால்வுத் தண்டின் தலை வருஷக்கணக்காகத் தட்டித் தட்டிப் போட்ட குழி. என் தகடு அகலமானது, குழியின் மேல் பாலம் மாதிரி உட்கார்ந்து பத்து என்று பொய் சொல்லியிருக்கிறது. பழைய பத்து தௌ தகடு ஒன்றைத் தண்டைவிடக் குறுகலாக மாமா கிரைண்டரில் தேய்த்துக் கொடுத்தார். அதை விட்டுப் பார்த்தால் தாராளமாக ஆடியது. சரியாக அளந்தபோது மூன்றில் பதினாறு.

கிளம்பும்போது அவர் கேட்டது: “சத்தம் போடுறதையே பாத்துக்கிட்டு இருக்கியே தம்பி, போடாதத பாத்தியா?”

பார்த்திருந்தேன், கவனிக்கவில்லை. காலையில் ஐந்தாம் வால்வில் இரண்டு தௌ தகடுகூட நுழையவில்லை. யாரோ தப்பாக இறுக்கிவிட்டார்கள் என்று நினைத்துத் தளர்த்திப் பத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். ஐந்து, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், புகையை வெளியே விடுகிற வால்வு. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் அது மூடி சீட்டில் (வால்வு வந்து பொருந்தும் வளையம்) உட்காருகிற நேரத்தில்தான் இறங்கும். கேப் இல்லாவிட்டால் வால்வு முழுதாக உட்காராது, சத்தமே இல்லாமல் விளிம்பு கருகும். ஹேண்டிலில் வழுக்கியது எந்தச் சிலிண்டர் என்று இப்போது புரிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை கேமரன்மலைக்குப் போய்ப் பழைய ராக்கர் இரண்டு வாங்கிவந்தேன். அங்கே இந்த வண்டிக்குக் கிடைக்காத பாகம் குறைவு. இடம் வலம் பார்த்து வாங்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மாட்டியதும் பாக்கு இடி நின்றது. மெல்லிய, சீரான டிக் டிக் மட்டும் இருக்கிறது. அது இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐந்துக்கு மருந்து அவ்வளவு சுலபமில்லை. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மேல் ஒரு பூச்சு மாதிரி காத்தது. இன்றைய ரோன் 95 பெட்ரோலில் அது கிடையாது. சூட்டில் வால்வு இரும்புச் சீட்டோடு துளித்துளியாக ஒட்டிப் பிய்ந்து, மெல்ல உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்கக் கேப் குறையும். அதனால் பானெட்டுக்கு உள்பக்கம் டேப் ஒட்டி, பேனாவால் குறித்து வைக்கிறேன். ஜாலான் ஈப்போவில் தினமும் ஓட்டி, 400 கிலோமீட்டர் முடித்து நேற்று அளந்தேன். மற்ற ஏழும் பத்தில் நிற்கின்றன. ஐந்தாம் வால்வுக்கு நேராக “10” என்று இருந்ததை அடித்துவிட்டு “7” என்று எழுதினேன். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான சீட் போட எவ்வளவு ஆகும் என்று திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.