பதினாறு பக்கச் சிற்றேடு: தாளை மடித்துவிட்டுக் கணினியைத் திறங்கள்

நாள் முழுக்க மற்றவர்களுக்காக வடிவமைக்கிற ஒருவர் தனக்கென்று ஏதாவது செய்து முடிக்க வேண்டுமானால், சிற்றேட்டைவிட நல்ல வடிவம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். சொந்தமாகத் தொடங்கும் செயலியும் இணையதளமும் முடிவதே இல்லை, எப்போதும் இன்னொரு திருத்தம் மிச்சமிருக்கும். பதினாறு பக்கம் நிரம்பிவிட்டால் சிற்றேடு முடிந்தது. தெருப்பலகை எழுத்துகளின் படங்கள், ஐந்தாறு கவிதைகள், ஒரு நீண்ட கட்டுரை என எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். ஆனால் பெரும்பாலானோர் கோப்பைத் திறந்து பக்கங்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாளைப் பற்றிய நினைப்பு அச்சுக்குப் போகும் அன்றுதான் வருகிறது. அப்போது பார்த்தால் பதினெட்டுப் பக்கம் இருக்கும், சென்டர் பின் (நடுமடிப்பில் பின்) அடிக்கும் ஏட்டில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

அதனால் முதல் வேலை டம்மி, அதாவது வெற்றுத்தாளில் செய்யும் மாதிரி ஏடு. நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் தாளின் ஒருபுறம் 16-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மறுபுறம் 2-ம் 15-ம். அடுத்த தாளில் 14-3, 4-13. எந்த இரண்டைக் கூட்டினாலும் 17 வரும். பக்க எண்ணிக்கையோடு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. பக்கங்களை மென்பொருளே மாற்றி அடுக்கிக் கொடுத்தாலும், அது சரியாகச் செய்திருக்கிறதா என்று இந்தக் கூட்டலை வைத்து ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

டம்மி இன்னொன்றையும் காட்டும். விரித்து வைக்கும்போது இரு பக்கமும் ஒரே தாளாக இருப்பது 8-9 மட்டும்தான். மற்ற விரிப்புகளில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள். இரண்டும் மடிக்கும்போது அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகரும். குறுக்கே ஓடும் பெரிய படம் இருந்தால் அதற்கு இடம் நடுவிரிப்பு. வேறு விரிப்பில் வைத்தே ஆக வேண்டுமென்றால், மடிப்பின்மேல் முகமோ எழுத்தோ சாய்ந்த கோடோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானம், சுவர் போன்றவை நகர்ந்தால் யாருக்கும் தெரியாது.

அடுத்து அளவு. ஏ4 தாளில் அச்சடித்து மடித்தால் ஏ5 கிடைக்கும். ஆனால் விளிம்புவரை வண்ணம் போக வேண்டுமானால் அது போதாது, அச்சு இயந்திரம் தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டரை வெறுமையாக விட்டுவிடும். வெட்டிய பிறகு ஏடு 135 × 190 மிமீ இருக்கும்படி வைத்தால் சிக்கலே இல்லை. விரிப்பு 270 × 190. சுற்றிலும் 3 மிமீ ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் வண்ணம்) சேர்த்தால் 276 × 196. இது 297 × 210-க்குள் வசதியாக உட்காரும், வெட்டுக்குறிக்கும் இடம் இருக்கும். முக்கியமான எதையும் வெட்டுக்கோட்டிலிருந்து 6 மிமீக்குள் வைக்க வேண்டாம். பக்கத்தைச் சுற்றி மெல்லிய கட்டம் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். முன்பின் பக்க அச்சு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போவது சகஜம், கட்டம் போட்ட பக்கத்தில் அது கண்ணை உறுத்தும்.

தாளுக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது, இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும், ஏடு தானாக மூடிக்கொள்ளும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து மேடு தட்டும், ஏடு பாதி வாய் பிளந்து நிற்கும். எத்தனை நாள் கனமான பொருளின் அடியில் வைத்தாலும் அது முழுதாகச் சரியாவதில்லை. கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெல்ல வளைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எந்த வாக்கில் எதிர்ப்பு குறைவோ அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் சிறு துண்டின் ஒருபக்கத்தை நனையுங்கள். அது சுருளும், சுருளின் அச்சு நாரின் திசை.

சிக்கல் என்னவென்றால், சாதாரண ஏ4 கட்டுகளில் நார் பெரும்பாலும் 297 மிமீ நீளத்தில்தான் ஓடுகிறது. நாம் மடிப்பதோ 210 மிமீ வாக்கில். அதாவது குறுக்கே. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி நடுவில் வெட்டச் சொல்லுங்கள். 420 வாக்கில் ஓடிய நார், வெட்டிய பிறகு 210 வாக்கில் வந்து நிற்கும். ஒரே வெட்டுதான், ஏட்டின் தரமே மாறிவிடும்.

உள்பக்கங்களுக்கு 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூச்சில்லாத தாள், என் தேர்வு. 70, 80 என்றால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும், அடர்த்தியான படங்கள் இருந்தால் இன்னும் மோசம். 130-க்கு மேல் போனால் சிறிய ஏடு விறைப்பாகிவிடும். அட்டை தனித் தாள், 200 முதல் 250 வரை. அட்டையை மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புக்கோட்டை அழுத்திப் பதிப்பது) கட்டாயம். கிரீஸ் போட்டதும் ஒருபக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் வரும். மேடு உள்பக்கம் இருக்குமாறு மடிக்க வேண்டும், பலர் தலைகீழாகச் செய்துவிட்டு அட்டை வெடிக்கிறது என்கிறார்கள். டிஜிட்டல் அச்சில் டோனர் (மைத்தூள்) தாளின் மேலேயே உட்காருவதால், முதுகில் அடர்கறுப்போ அடர்நீலமோ இருந்தால் மடிப்பில் வெள்ளைக்கோடு விழ வாய்ப்பு அதிகம். அந்த இடத்தை வெளிர்நிறமாக வடிவமைப்பதே உறுதியான தீர்வு.

மடித்த பிறகு உள்தாள்கள் வெளித்தாள்களைவிடக் கொஞ்சம் முன்னே துருத்தும். 100 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.12 மிமீ தடிமன். நான்கு தாளும் அட்டையும் சேர்ந்தால் நடுத்தாள் அட்டையைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். பதினாறு பக்கத்துக்கு இதை ஓரத்தை வெட்டிச் சரிசெய்தால் போதும். நாற்பது பக்கத்தைத் தாண்டினால்தான் உள்பக்கங்களின் எழுத்துப்பகுதியை முதுகுப்பக்கம் நகர்த்த வேண்டிவரும்.

இனி எழுத்து. இதற்கு நேரம் ஒதுக்குங்கள், தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் அமைப்புகளை ஏற்காது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழை ஒட்டியதும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதைப் பத்திப் பாணியிலேயே பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒட்டும் ஒவ்வொரு பத்தியிலும் திரும்ப வரும். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் கோக்கிறது.

பழைய கோப்புகளிலிருந்து வரும் உரை பாமினி, டேப், டாம் போன்ற குறியேற்றங்களில் இருக்கலாம். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு, மாற்றியதை அப்படியே நம்பாமல் சில இடங்களைத் தேடிப் பாருங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக இருக்கும். ‘கௌ’ என்ற இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் நிற்கும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’ உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துருவை மாற்றும்போதோ, பிடிஎஃப்பில் தேடும்போதோ, திரைவாசிப்பான் படிக்கும்போதோதான் வெளிப்படும்.

வரி இடைவெளிதான் புதியவர்கள் அதிகம் கஞ்சத்தனம் காட்டும் இடம். மேலே ‘கி’, ‘கீ’ சுழிகள், கீழே ‘கு’, ‘மூ’, ‘ழூ’ வால்கள். 10 புள்ளி எழுத்துக்கு ஆங்கிலத்தில் 13 போதும், தமிழில் 16 வையுங்கள். எழுத்துகளுக்கு இடையிலான டிராக்கிங்கைப் பூச்சியத்திலேயே விடுங்கள். தலைப்பை விரித்துக் காட்ட ஆசைப்பட்டு 100 வைத்தால், ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து மூன்று எழுத்துபோல நிற்கும். குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளின் நடு இடைவெளியைச் சரிசெய்யும் கெர்னிங்கில் ‘ஆப்டிகல்’ வேண்டாம், ‘மெட்ரிக்ஸ்’ போதும். சாய்வெழுத்துக்குத் தமிழில் மரபு இல்லை. மென்பொருள் பொய்யாகச் சாய்க்கும்போது சுழிகள் கோணிப்போகின்றன. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றிலும் பல தடிமன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீண்ட உரைக்கு முதலாவது, குறிப்புகளுக்கும் பட விளக்கங்களுக்கும் மற்ற இரண்டில் ஒன்று.

135 மிமீ பக்கத்தில் ஓரம் போக எழுத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 103 மிமீ. ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் அடங்கும். இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே குழி விழும். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வரிக்கடைசியில் வந்துவிட்டால் மேல்வரி பாதி வெறுமையாகிவிடும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே சிற்றேட்டுக்கு நல்லது. அப்போதும் சில சொற்களைப் பிரித்தே ஆக வேண்டும். ‘பார்த்துக் / கொண்டிருந் / தவர்களுக் / கெல்லாம்’ என்று புள்ளியெழுத்து வரியின் கடைசியில் நிற்குமாறு பிரியுங்கள். ‘பார் / த்துக்’ என்று புள்ளியெழுத்தில் வரி தொடங்கினால் கண் தடுக்கி விழும். தமிழ் நூல்களில் பிரிக்கும் இடத்தில் இணைகோடு போடாத வழக்கம் பரவலாக உண்டு, அதனால் ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ என்ற குறியைச் செருகுங்கள். பிறகு உரை நகர்ந்தாலும் அது தடயம் விடாது. எண்டர் தட்டிப் பிரித்தால், ஒரு சொல்லைத் திருத்தியதும் பத்தியே சிதறும்.

இந்த அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 140 முதல் 160 சொற்கள் பிடிக்கும். தலைப்பு, படங்கள், மூச்சுவிட வெற்றிடம் எல்லாம் போக 1,500 சொல்லுக்கு மேல் பதினாறு பக்கத்தில் திணிக்க வேண்டாம்.

வண்ணத்தில் ஒரே ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். உரையின் கறுப்பு, கறுப்பு மையில் மட்டும் 100 சதவீதமாக இருக்க வேண்டும். வேறு மென்பொருளிலிருந்து வரும் கறுப்பு நான்கு வண்ணக் கலவையாக மாறி வந்திருக்கும். அச்சில் வண்ணங்கள் இம்மி நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் சுழிகள் மங்கி அடைந்துவிடும். ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் ‘செப்பரேஷன்ஸ் ப்ரிவ்யூ’வைத் திறந்து கறுப்பை அணையுங்கள். எழுத்து முழுதாக மறைய வேண்டும். மிச்சம் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் கோளாறு. படங்கள் அச்சளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) இருந்தால் போதும்.

இருபுறமும் அச்சடிக்கும்போது ‘ஷார்ட் எட்ஜ்’ பக்கம் திருப்பச் சொல்லுங்கள். படுக்கை வாக்கில் இரண்டு பக்கம் அடுக்கிய தாளை ‘லாங் எட்ஜ்’ பக்கம் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். மொத்தமும் அடிக்கும் முன் அதே தாளில், அதே இயந்திரத்தில் ஒரு பிரதி எடுத்து மடித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படியுங்கள். திரையில் கண்ணில் படாத எழுத்துப்பிழை தாளில் படும்.

பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளரின் கை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் நூலால் தைப்பது அழகு, பின்னைப்போலத் துருவும் பிடிக்காது. முதுகின் நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 35 மிமீ தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை. தடித்த புத்தகம் ஒன்றைப் பாதியில் விரித்து, அதன் பள்ளத்தில் ஏட்டை வைத்து, உள்ளிருந்து வெளியே குத்தூசியால் குத்துங்கள். மடிப்புக்கோட்டிலிருந்து துளை விலகினால் அட்டையில் அசிங்கமாகத் தெரியும். நூல் முதுகு நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது அரை மீட்டர். பருத்தி நூலானால் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுங்கள், பிரியாது, முடிச்சும் வழுக்காது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு நுனியும் நீளத் தையலின் இரு பக்கமும் இருக்க வேண்டும், அந்தத் தையலையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். நூலை இறுக்கும்போது முதுகின் வாக்கிலேயே இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் துளை கிழிந்து நீண்டுவிடும்.

ஓரம் வெட்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான். அச்சகத்தில் கட்டிங் இயந்திரம் இருந்தால் அங்கேயே கொடுத்துவிடுங்கள். கையால் என்றால் இரும்பு அடிக்கோலும், முனையை உடைக்கும் வகைக் கட்டரில் புதிய பிளேடும் வேண்டும். முதல் இழுப்பிலேயே முழுதும் அறுக்கப் பார்த்தால் கீழ்த்தாள்கள் சாய்ந்து வெட்டுப்படும், அழுத்தாமல் பலமுறை இழுங்கள். முன்விளிம்பு முதலில், பிறகு தலையும் காலும். தலை, கால் வெட்டும்போது முதுகிலிருந்து முன்விளிம்பு நோக்கி இழுங்கள். எதிர்வாக்கில் வந்தால் முதுகில் தாள் பிய்ந்துகொள்ளும். பத்துப் பிரதிக்கு ஒருமுறை பிளேடின் முனையை உடைத்துவிட்டுத் தொடருங்கள்.