கூடம் மூடிய பிறகு விற்க என்ன இருந்தது?

சிறு தொழில்களின் வரவு செலவைப் பார்ப்பவன் என்பதால், பெருந்தொற்றுக் காலத்தை நான் பெரும்பாலும் கணக்கேடுகளின் வழியாகவே நினைவில் வைத்திருக்கிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததை ஒட்டி, பல நாடுகளில் முதலில் மூடப்பட்ட தொழில்களுள் ஒன்று உடற்பயிற்சிக் கூடம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும், கருவிகள் வாங்கிய கடனுக்கான தவணையும், பராமரிப்புச் செலவும் குறையாத தொழில் அது. அந்த ஆண்டு மே மாதத்தில் கோல்ட்ஸ் ஜிம்மும் ஜூனில் 24 ஹவர் ஃபிட்னஸும் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரின. பின்னது நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளை நிரந்தரமாக மூடியது.

பெரிய சங்கிலி நிறுவனங்கள் தடுமாறிய அதே வேளையில், கடன் சுமை குறைவாக இருந்த தனிப் பயிற்சியாளர்கள் பலர் சில நாட்களிலேயே கைப்பேசி வழியாக வகுப்பு நடத்தத் தொடங்கியதுதான் என் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அங்கே அவர்களுக்குப் போட்டியாக நின்றது இலவசம். பிரிட்டனின் உடற்பயிற்சிப் பயிற்சியாளர் ஜோ விக்ஸ் பிள்ளைகளுக்காக யூடியூபில் கட்டணமின்றி நடத்திய வகுப்பை, 2020 மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 9,55,185 பேர் பார்த்தனர். பதிவு செய்த காணொளியை விற்று அதனோடு போட்டியிட முடியாது என்பதை விரைவில் புரிந்துகொண்டவர்களே நிலைத்தார்கள். இருபது பேரைத் திரையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்வதற்கு மாறாக, ஆறேழு பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, கேமராவைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி, குந்தி எழும்போது யாருடைய முதுகு வளைகிறது, யாருடைய முழங்கால் உள்பக்கம் சரிகிறது என்று பெயர் சொல்லித் திருத்திய வகுப்புகளுக்கே மக்கள் தொடர்ந்து பணம் கட்டினார்கள். வராதவரை அன்று மாலையே அழைத்து விசாரிப்பதும் அந்தக் கட்டணத்தில் அடக்கம்.

கூடம் வைத்திருந்தவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, சும்மா கிடந்த டம்பெல்களையும் கெட்டில்பெல்களையும் சைக்கிள்களையும் உறுப்பினர்களின் வீட்டுக்கே வாடகைக்கு அனுப்பியது. அதில் வந்த வருவாய் சிறிதுதான். எனினும் கருவி வீட்டில் இருக்கும்வரை உறுப்பினரும் விலகிப் போகவில்லை. கேட்காமலே சந்தாவை நிறுத்தி வைத்தவர்களுக்கும், கூடம் பூட்டிக் கிடந்தபோதும் வங்கிக் கணக்கிலிருந்து தொகையை எடுத்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, கதவு மீண்டும் திறந்த நாளில் வருகைப் பதிவேட்டில் தெரிந்தது.

மீண்டும் திறந்தபோது சிக்கல் காற்றில் இருந்தது. தென்கொரியாவின் சியோனானில் நடன உடற்பயிற்சி வகுப்புகள் வழியாக 112 பேருக்குத் தொற்று பரவியதை அங்குள்ள மருத்துவர்கள் 2020இலேயே பதிவு செய்திருந்தார்கள். அடைத்த அறை, அதிக ஆட்கள், வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்தால் ஏற்படும் ஆபத்து அதில் தெளிவாகத் தெரிந்தது. எனவே நேரம் பிரித்து முன்பதிவு செய்வதும், சன்னல்களைத் திறப்பதும், வகுப்பை மைதானத்துக்கு மாற்றுவதும் வழக்கமாயின. (2021 ஜூலையில் அந்நாட்டின் தலைநகர் சியோல் பகுதியில் குழுப் பயிற்சிக்கான இசை நிமிடத்துக்கு 120 தாளத்தைத் தாண்டக்கூடாது என்றுகூட விதித்தார்கள். மூச்சு வாங்குவதைப் பாட்டின் வழியாகக் கட்டுப்படுத்த நினைத்த அந்த அதிகாரியைச் சந்திக்க எனக்கு ஆசை.)

தற்காலிகத் தேவையை நிரந்தரமானது என்று எண்ணி முதலீடு செய்தவர்களின் கதை வேறு. வீட்டு சைக்கிள் விற்ற பெலோட்டன், தேவை உச்சத்தில் இருந்த 2020 டிசம்பரில் உற்பத்தியைப் பெருக்குவதற்காக உடற்பயிற்சிக் கருவிகள் தயாரிக்கும் பிரிகோர் நிறுவனத்தை 42 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. விளையாட்டு உடைகள் விற்கும் லுலுலெமன் 50 கோடி டாலருக்கு வாங்கிய மிரர் நிறுவனத்தின், வகுப்புகளைக் காட்டும் கண்ணாடி வடிவத் திரைக் கருவியின் விற்பனையும் 2023இல் நிறுத்தப்பட்டது.

கூட உரிமையாளர்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் தலைவலி வேறொன்று. திரை வழியாக நேரடியாகப் பழகிய பிறகு, உறுப்பினர் தன்னைக் கூடத்தின் வாடிக்கையாளராக அல்லாமல் பயிற்சியாளரின் வாடிக்கையாளராகவே கருதத் தொடங்கிவிட்டார். பயிற்சியாளருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கொடுத்த பழைய முறையை விட்டு, ஆன்லைன் வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தத்துக்கு மாறும்படிதான் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லி வருகிறேன்.